மார்கழியில் காய்ச்சிய பால்

கடலூர் செம்மண்டலத்தில் பொன்னியை நிறுத்தி "இன்னும் விசா வரலியாம்மா?" என்று கேட்டவர்கள் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. "நான் சரியாத்தாங்க இருக்கேன். பிரிட்டன் கவர்மெண்டுக்குத்தான் இன்னும் தெளியல" என்பாள். அதையும் மெதுவாகச் சொல்ல மாட்டாள். பஸ் ஸ்டாப்பாக இருந்தாலும் சரி, ரேஷன் கடை வரிசையாக இருந்தாலும் சரி, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்வாள். கேட்டவர் ஏன்டா கேட்டோம் என்று பையைக் கை மாற்றிக்கொண்டு நடையைக் கட்டுவார்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் பாடத்துக்கு அவள் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம், சம்பளத்தில் இல்லை என்று அவளே சிரித்துக்கொள்வாள். தினமும் காலையில் செம்மண்டலத்திலிருந்து கிளம்பி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று போகிற பஸ்ஸில் தொங்கி, முதல் வகுப்புக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேருவாள். அவள் நடத்துகிற பாடம் பிரிட்டன் அரசாங்கம். அங்கே நாடாளுமன்றம் எப்படிச் சட்டம் போடும், பிரதமரை எப்படிப் பிடித்து இறக்கும், மந்திரிசபை எப்படிக் குடுமிப்பிடி சண்டை போடும், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த அரசாங்கமேதான் கல்யாணமாகி நாலு வருஷம் அவளைப் புருஷனோடு சேரவிடாமல் வைத்திருந்தது.

புருஷன் இளவரசு. பெயர் தமிழ், பாஸ்போர்ட் பிரெஞ்சு. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கடலூரைத் தாண்டிப் பாகூர் பக்கம் போனால் பாண்டிச்சேரி எல்லை வந்துவிடும். பிரெஞ்சுக்காரன் போகும்போது அவன் குடியுரிமையை எழுதி வாங்கிக்கொண்ட குடும்பங்கள் அங்கே நிறைய. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை 'சொல்தா' என்பார்கள். இளவரசுவின் அப்பாவும் ஒரு சொல்தா. அவர் போன பிறகும் அவருடைய பென்ஷனில் கால்மேல் கால் போட்டு வாழ்கிறவள் அம்மா தங்கம்மாள். மகன் இளவரசு பாரிஸ் பக்கம் போய் பேக்கரி வேலை கற்றுக்கொண்டான். அங்கே சரியான வேலை அமையாமல், அப்போதெல்லாம் ஐரோப்பியர்கள் யாரையும் கேட்காமல் போகலாம் என்பதால், லண்டனுக்கு ரயிலேறிப் போய் ஈஸ்ட் ஹாமில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலைக்குச் சேர்ந்தான்.

இரண்டாயிரத்து இருபது, கொரோனா வருஷத்து ஆவணியில் இவர்களுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பையன் வீடியோவில் இருந்தான். பெண் பட்டுப்புடவையில் போன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் கார்த்திகையில் என்று முடிவாயிற்று. அன்றைக்கே பொன்னி எல்லோரிடமும் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாள்.

"கார்த்திகையைத் தாண்டக் கூடாது. பிரிட்டன் ஐரோப்பாவ விட்டு வெளிய போவுது. இந்த டிசம்பர் முடியறதுக்குள்ள கல்யாணம் ஆயிருந்தா, அங்க இருக்கிற ஐரோப்பாக்காரங்க எப்ப வேணாலும் பொண்டாட்டியக் கூப்பிட்டுக்கலாம். சம்பளம் எவ்ளோன்னு கூடக் கேக்க மாட்டாங்க. ஜனவரியில ஆச்சுன்னா அந்தக் கதவு சாத்திடும்."

"கார்த்திகைதானம்மா, அதுக்கு முன்னாடி முடிஞ்சிடும்" என்றார் அப்பா ராஜமாணிக்கம். அரசுப் போக்குவரத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோடும் மல்லுக்கு நிற்கத் தெரியாத மனுஷர்.

கார்த்திகை வந்தது, கூடவே நிவர் புயலும் வந்தது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் கரண்ட் இல்லை, பந்தக்கால் இல்லை, ஊரில் பாதி மரம் ரோட்டில் கிடந்தது. சரி, அடுத்த முகூர்த்தம் என்று டிசம்பர் முதல் வாரத்தில் ஒன்றைப் பிடித்தார்கள். அப்போது விடாத மழை. சிதம்பரம் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. இவர்கள் எடுத்திருந்த மண்டபத்தில் வெள்ளத்தில் வீடிழந்த சனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய அரிசியையும் காய்கறியையும் ராஜமாணிக்கமே கொண்டுபோய் அங்கே இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் கார்த்திகையில் நாள் இல்லை. மார்கழி பிறந்துவிட்டது.

மார்கழியில் நம்மவர்கள் கல்யாணம் செய்வதில்லை. வீடு குடி போவதில்லை, பெண் பார்க்கப் போவதில்லை, ஒரு நல்ல காரியத்தை வாயால் பேசுவதுகூட இல்லை. பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் வேறு எதிலும் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் மட்டும் ஒரே குரல்தான். தை பிறக்கட்டும், வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இளவரசு கல்யாணத்துக்கென்று வந்து அப்போது ஊரில்தான் இருந்தான். லண்டனில் ஊரடங்கு, பேக்கரி பாதி மூடிக் கிடந்தது. பொன்னி இரண்டு வீட்டாரையும் செம்மண்டலத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினாள்.

"திருவாதிரை முப்பதாம் தேதி வருது. அன்னிக்கு இங்கயே மாலை மாத்திக்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டப்படி ரெண்டு சாட்சி இருந்தா போதும், ஐயரும் வேணாம், முகூர்த்தமும் வேணாம். மேள தாளமெல்லாம் தையில வெச்சிக்கலாம்."

தங்கம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "மார்கழியில மாலையா? நாங்க எந்தக் காலத்துலயும் அப்பிடிப் பண்ணதில்ல. குடும்பம் வெளங்காது."

"சிதம்பரத்துல நடராசர் மார்கழியிலதான தேர் ஏர்றாரு? சாமி பொண்டாட்டியோட வீதி வரலாம், நான் கூடத்துல மாலை மாத்தக் கூடாதா அத்தை?"

"சாமிக்கு ஆவுற மாசம் மனுசாளுக்கு ஆவாது. அதுக்குத்தான அந்த மாசமே" என்றாள் தங்கம்மாள். அதற்கு மேல் வாதம் இல்லை என்பது போல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பொன்னி அப்பாவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். இளவரசுவைப் பார்த்தாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் வெகுநாள் மறக்கவில்லை.

"எதுக்குப் பொன்னி பதட்டப்படற? அவுங்க என்னிக்குச் சொன்ன தேதியில போயிருக்காங்க? மார்ச்சுன்னாங்க, தள்ளிப் போட்டாங்க. அக்டோபர்னாங்க, தள்ளிப் போட்டாங்க. இப்பவும் மீன் புடிக்கிறதுக்கே சண்ட போட்டுக்கினு இருக்காங்க. ஒப்பந்தம் கூட இன்னும் முடியல. இதையும் தள்ளிப் போடுவாங்க பாரு. ஒரே ஒரு மாசம்தான?"

பிரிட்டன் எத்தனை முறை தள்ளிப் போட்டது என்று அவளே வகுப்பில் கேலியாகச் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள். அதே கேலி இப்போது அவள் வாயை அடைத்தது. மூன்று பேருக்கு எதிராக அவள் ஒருத்தி. சரி என்று தலையாட்டினாள். அவள் வாழ்க்கையில் தனக்குச் சரியென்று படாததற்குத் தலையாட்டியது அதுதான் கடைசி.

வெள்ளைக்காரன் தள்ளிப் போடுவான் என்று நம்பி இவர்கள் தள்ளிப் போட்டார்கள். அவன் அந்த ஒரு தடவை மட்டும் சொன்ன தேதியில் கிளம்பினான். புது வருஷத்து விடியலில் வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிக்கொண்டிருந்தபோது பொன்னியின் போனில் செய்தி வந்தது. பிரிட்டன் முழுசாக வெளியே போய்விட்டது. கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். அப்பாவிடம் "போயிட்டாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்த அவருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தையில் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்த சனம் அதைக் கழற்றிவிட்டு வடை பாயசத்தோடு சாப்பிட்டது. நாதஸ்வரக்காரர் மட்டும் பாவம், மூச்சுக்கு மூச்சு சானிடைசர் கேட்டார். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் இளவரசு லண்டன் போனான். விண்ணப்பித்தார்கள். பதில் வந்தது. கல்யாணம் கெடு தாண்டி நடந்திருக்கிறது, ஆகவே மனைவி என்று ஏற்க முடியாது. கெடுவுக்கு முன்பே நிலையான துணை என்று நிரூபிக்கலாம், ஆனால் நீங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரமில்லை, ஆகவே அதையும் ஏற்க முடியாது.

பொன்னிக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. ஸ்டாஃப் ரூமில் சக விரிவுரையாளர் மாலதியிடம் அதைப் படித்துக் காட்டினாள். "நிச்சயம் முடிஞ்ச கையோட நான் பாகூருக்குப் பொட்டியத் தூக்கிக்கினு போய்க் குடித்தனம் பண்ணியிருக்கணுமாம் மாலதி. பண்ணியிருந்தா எங்க மாமியா என்னை வெளக்குமாத்தாலயே அடிச்சிருப்பாங்க, இவுங்க விசா குத்தியிருப்பாங்க."

இந்த நேரத்தில்தான் பாண்டிச்சேரி ஏஜென்ட் ஞானசேகரன் வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, வாயில் முந்நூறு வழி. தங்கம்மாள்தான் அவரைக் கூட்டிக்கொண்டு செம்மண்டலம் வந்தாள்.

"மேல்முறையீடு போடறப்ப ஒண்ணு சேத்துக்கலாம்மா. புயலுக்கு மறுநாளே, கார்த்திகையிலயே, ஒரு கோயில்ல வெச்சித் தாலி கட்டியாச்சு. தையில நடந்தது வெறும் ரிசப்ஷன். பேப்பரெல்லாம் நான் ரெடி பண்றேன். நம்ம பக்கத்துல பத்து பேருக்குப் பண்ணியிருக்கேன்" என்றார்.

"பண்ணிடும்மா. நானே வந்து சாட்சி சொல்றேன். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள் தங்கம்மாள்.

பொன்னி மாமியாரை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு மார்கழி ஆவாதுன்னு கூடத்துல ஒக்காந்து சொன்னீங்களே அத்தை, அது நிஜம். அதுக்காக நான் உங்ககிட்ட சண்ட போட்டிருக்கேன், ஆனா நீங்க பொய் சொல்லல. இன்னிக்கு இவுரு பேச்சக் கேட்டு கார்த்திகையில கட்டினேன்னு சொன்னா, அப்புறம் தையில நான் ஏறின மேடை என்னா மேடை? அப்பா ஊரெல்லாம் பத்திரிகை வெச்சது எதுக்கு?" பிறகு ஏஜென்ட் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தையிலதான் கல்யாணம் ஆச்சு. அவுங்க சட்டம்தான் கோணல். அதுக்கு நான் எதுக்குக் கோணணும்? காபி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

ஞானசேகரன் காபியைக் குடிக்கவில்லை. தங்கம்மாள் மூன்று மாதம் மருமகளோடு பேசவில்லை.

மேல்முறையீட்டுக்கான வாக்குமூலத்தை வக்கீல் எழுதித் தருகிறேன் என்றார். பொன்னி தானே எழுதினாள். புயலை எழுதினாள், வெள்ளத்தை எழுதினாள், மண்டபத்தில் யார் தங்கியிருந்தார்கள் என்று எழுதினாள். மார்கழி என்றால் என்ன என்று, அதில் தனக்கு நம்பிக்கையில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினாள். முடிவில் இப்படி எழுதினாள்: நாங்கள் சேர்ந்து வாழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர் ஒழுக்கப்படி நடந்தோம். நீங்கள் கேட்கிற ஆதாரம் எங்களிடம் இருந்திருந்தால் எங்கள் குடும்பங்கள் எங்களைச் சேர்த்திருக்காது. எதைச் செய்திருந்தாலும் தவறு என்கிற இடத்தில் ஒரு சட்டம் மனிதர்களை நிறுத்துமென்றால், தவறு நிற்கிற மனிதர்களிடம் இல்லை.

லண்டனில் விசாரணைக்கு இளவரசு தனியாகப் போனான். இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் சாட்சி சொல்லத் தனி அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. தன் கல்யாணத்தைப் பற்றிய வழக்கில் பொன்னியின் குரல் கேட்கவே இல்லை. தீர்ப்பு தோல்விதான். ஆனால் நீதிபதி அவள் எழுதியதை மனம் உருகிப் படித்ததாகவும், மிகுந்த அனுதாபம் கொண்டதாகவும் குறிப்பிட்டிருந்தார். அனுதாபத்தைக் காட்டினால் விமான நிலையத்தில் உள்ளே விடுவார்களா என்று பொன்னி கேட்டாள்.

மிச்சம் இருந்தது பொது வழி. யாராக இருந்தாலும் மனைவியை அழைக்க இவ்வளவு சம்பளம் வாங்க வேண்டும் என்று அந்த அரசாங்கம் ஒரு கோடு போட்டிருந்தது. அடுப்பு வேலைக்காரனுக்கு அது எட்டாத உயரம். இளவரசு விடிகாலை வேலையோடு சாயங்கால வேலையும் சேர்த்துப் பார்த்தான். போனில் பேசும்போதே தூங்கிவிடுவான். மெலிந்து போனான். ஒருவழியாகக் கோட்டைத் தொட்டான். அதை ஆறு மாதம் தொடர்ந்து காட்ட வேண்டும். ஆறு மாதம் முடிவதற்குள் அரசாங்கம் கோட்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டதாம். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களைக் குறைக்கத்தான் வெளியே போனார்கள். போன பிறகு மொத்தக் கூட்டம் முன்னைவிடக் கூடிவிட்டது. அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தேடி, பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவன் மேல் காட்டினார்கள். இது பொன்னி சொன்னது, எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அந்த வாரம் அவள் வகுப்பில் நடத்த வேண்டியிருந்ததும் அதே பாடம்தான். கீரப்பாளையத்திலிருந்து வருகிற செம்பியன் என்ற மாணவன் எழுந்தான்.

"மேடம், வெளிய போவணும்னு ஓட்டுப் போட்டாங்க, போனாங்க. அப்புறம் ஏன் இத்தினி வருஷம் இழுவை?"

"ஏன்னா அவுங்க கேட்டது ஒரே கேள்வி. இருக்கலாமா, போகலாமா? போகலாம்னு பதில் வந்துச்சு. போய் எங்க நிக்கறது, எதை எடுத்துக்கறது, எதை விடறது, ஒண்ணையும் யாரும் கேக்கல. இப்ப உங்க வீட்ல அண்ணன் தம்பி பாகம் பிரியறாங்க. பிரிஞ்சிட்டேன்னு சொல்றது ஒரு நிமிஷம். கெணறு யாருக்கு, வரப்பு யாருக்கு, வழி யாருக்கு, அதுதான இழுவை?"

"எங்க சித்தப்பா வூட்ல கெணத்துக்கு இன்னும் கேஸ் நடக்குது மேடம்." வகுப்பு சிரித்தது.

"அந்தக் கேஸ்ல யாரு கஷ்டப்படறாங்க?"

செம்பியன் யோசித்தான். "வாய்க்கா ஓரத்துல இருக்கறவங்கதான் மேடம். அவுங்க கேஸ்லயே இல்ல. ஆனா தண்ணி அவுங்களுக்குத்தான் வரல."

பொன்னி திரும்பிக்கொண்டாள். கரும்பலகையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கடலூர் வரும் வரைக்கும் அவள் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். அது பணக் கணக்கு இல்லை. இன்னும் எத்தனை அரசாங்கம் மாறி, எத்தனை கோடு நகர்ந்து, அவனோடு ஒரு வேளைச் சோறு சேர்ந்து சாப்பிடுவது? கெஞ்சுகிற வரைக்கும்தான் அவர்கள் வாசலில் நான் நிற்பேன், கெஞ்சுவதை நிறுத்திவிட்டால் அது எனக்கு வாசலே இல்லை. இப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

இருபத்து நாலாம் வருஷத்துக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளவரசு போன் செய்தான். வழக்கமான பேச்சு. பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"விசிட்டர் விசாவுல ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன் பொன்னி. ஊரயாவது சுத்திக் காட்டறேன்."

"புருஷன் வீட்டுக்கு நான் விருந்தாளியா வர மாட்டேன் மாமா."

"அப்ப நான் பிரான்சுக்கே திரும்பிப் போயிடட்டா? அங்க கூப்பிட்டுக்கலாம். ஆனா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வீடு பாக்கணும், வேலை தேடணும், அதுக்கும் பேப்பரு, அதுக்கும் ஒரு ரெண்டு வருஷம்..."

"போதும் மாமா. இன்னொரு கவர்மெண்டு வாசல்ல என்னால நிக்க முடியாது. நான் கேக்கறதுக்கு நேராச் சொல்லு. அந்த ஊர் உனக்கு வேணுமா?"

"மாவு பெசையறதுக்கு எந்த ஊரா இருந்தா என்னா" என்றான் இளவரசு. "அம்மாதான் தாங்க மாட்டாங்க. லண்டன்ல இருக்கான் எம் புள்ளைன்னு சொல்லிக்கினு இருக்காங்க."

"அவுங்க சொல்லிக்கிறதுக்காக நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு கண்டத்துல கெடக்கணுமா? சிதம்பரத்துல ஒரு பேக்கரியில அடுப்புக்கு நல்ல ஆளாத் தேடறாங்க. நான் பேசிட்டேன். சம்பளம் அங்க வாங்கறதுல பத்துல ஒண்ணு கூட வராது, அதையும் சொல்லிடறேன். காலேஜ் பக்கத்துலயே ஒரு வீடும் பாத்துட்டேன். கெளம்பி வா."

அவன் வருகிறேன் என்றான். உடனே ஒரு வாலும் சேர்த்தான். "மார்கழி பொறக்கப் போவுது. தை பொறந்ததும் வரேன். டிக்கெட்டும் கொறையும்."

பொன்னிக்குச் சுருக்கென்றது. செம்மண்டலத்துக் கூடமும் அந்தச் சிரிப்பும் கண்முன் வந்து நின்றன. அவள் குரலை உயர்த்தவில்லை.

"லண்டன்காரங்களுக்கு மட்டும்தான் தேதி வெக்கத் தெரியுமா? நானும் வெக்கிறேன். மார்கழி முடியறதுக்குள்ள வந்தா நீ என் வீட்டுக்காரன். தையில வந்தா விருந்தாளி. நான் தள்ளிப் போடவும் மாட்டேன், மேல்முறையீடும் கெடையாது."

போனை வைத்தாள். வராமலே போய்விட்டால்? அதையும் அவள் யோசிக்காமல் இல்லை. வராவிட்டால் அந்த வீட்டில் தனியாகக் குடியேறுவது, யார் கேட்டாலும் நேராகப் பதில் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு அட்வான்ஸைக் கொடுத்தாள். அப்பா இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கவில்லை. "சாவிய என்கிட்ட குடு, கொழாயெல்லாம் ஒழுவுதான்னு பாத்துட்டு வரேன்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்.

இளவரசு மார்கழியின் கடைசியில் வந்தான். கெடு முடிய ஒரே நாள் பாக்கி. வீட்டுக்குப் பால் காய்ச்சுவது மறுநாள் காலை என்று பொன்னி ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். அந்த மறுநாள்தான் போகி. அன்றைக்கே திருவாதிரையும். தெருமுனையில் பழைய பாய் புகைந்துகொண்டிருந்தது, தேர் வீதிகளில் தரிசனத்துக்கு வந்த கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போயிற்று. அந்தக் கூட்டத்தில் புகுந்து, பாகூரிலிருந்து மூன்று பஸ் மாறி, தங்கம்மாள் வந்து சேர்ந்தாள். மகனைப் பார்த்தாள், முகத்தைத் தடவினாள், இப்படி இளைத்துவிட்டாயே என்று அழுதாள். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை.

"லண்டன விட்டுட்டு வந்துட்ட, சரி, போவட்டும். பால் காய்ச்சறதயாவது நல்லபடியாக் காய்ச்சக் கூடாதா? மார்கழியில புது வூட்ல எவளாவது அடுப்பு பத்த வெப்பாளா? நாளைக்குப் பொங்கல். தை பொறக்குது. ஒரே ஒரு நாள் பொறுத்தா ஆவாதா?"

வீட்டுக்காரம்மாவும் பக்கத்து வீட்டம்மாவும் அதே கட்சி. ஆமாம், ஒரே ஒரு நாள்தானே என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய வேண்டுகோள் இல்லை. வேறு யாராக இருந்தாலும் சரி என்றிருப்பார்கள். பொன்னி புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரே ஒரு மாசம்னுதான் அத்தை அன்னிக்கும் எல்லாரும் சொன்னீங்க. ஒரு மாசம் பொறுத்தேன், நாலு வருஷம் போச்சு. சாமி நேத்துதான தேர்ல வீதி வந்தாரு? தப்புன்னா அவரே வந்து கேக்கட்டும். இந்த வீட்டுல எதையும் தைக்குத் தள்றதில்ல."

எல்லோரும் இளவரசுவைப் பார்த்தார்கள். முன்பு ஒரு தடவை இதே மாதிரி பொன்னி அவனைப் பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. பொன்னியின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி அடுப்பில் வைத்தான். பாலை ஊற்றினான். தீப்பெட்டியை உரசிப் பற்ற வைத்தான். எத்தனையோ வருஷம் அடுப்போடு புழங்கின கை, தீயைச் சரியாக வைத்தது.

பொன்னிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாலு வருஷமாக வராதது மொத்தமாக வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ராஜமாணிக்கம் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு குழாயை முறுக்குவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

வாசலில் தங்கம்மாள் நின்றபடியே இருந்தாள். உள்ளே பால் சூடாகி ஓரத்தில் நுரை கட்டியது. பக்கத்து வீட்டம்மா போய்விட்டாள், வீட்டுக்காரம்மாவும் போய்விட்டாள், தங்கம்மாள் போகவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பால் எழும்பிற்று.

"எந்தப் பக்கம் பொங்குது? கெழக்காலயா, மேக்காலயா?" என்றாள் பொறுக்க மாட்டாமல்.

"எனக்குத் தெரியல அத்தை. உள்ள வந்து பாத்துச் சொல்லுங்க."

மார்கழி முடிய இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும் பாக்கி இருந்தது. தங்கம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.